ஊற்றடி மேப்பு

என் மனைவி எம்.ஏ. படித்தாள். புவியியலும் நகரத் திட்டமும் சேர்ந்த படிப்பு. சேலத்தில் காலேஜ். நான் எட்டாவதோடு நின்றவன். ஏற்காடு மலையில் எங்கள் ஊர் வாழவந்தி. அங்கிருந்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறேன். காலையில் ஏற்றுவேன், சாயங்காலம் இறக்குவேன். நடுவில் ஒண்டிக்கடை ஸ்டாண்டில் நிற்பேன். டூரிஸ்ட் வந்தால் சுற்றிக் காட்டுவேன்.

அவள் நாகலூர்ப் பக்கம். பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம் பேசினார்கள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொல்லிவிட்டாள், மேலே படிக்க வேண்டும் என்று. எனக்கு அதில் மறுப்பு இல்லை. அப்பாதான் யோசித்தார். எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா முன்பே போய்விட்டாள். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"ரெண்டு வருசம் படிக்கட்டும். மூணாவது வருசமுன்னு ஒரு பேச்சு வரப்படாது."

அவள் தலையாட்டினாள். அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். விற்க மாட்டேன் என்று சொன்ன எருமையை, அது செத்துப் போகிறவரை வைத்திருந்தவர்.

படிப்பு ஆரம்பித்தது. விடியும்போதே ஜீப்பில் ஏற்றி ஏற்காட்டில் விடுவேன். அங்கிருந்து சேலம் பஸ். சாயங்காலம் திரும்பி வருவாள். ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குப் பேச ஒரு சங்கதி கிடைத்தது. எனக்கு அடுத்து நிற்கிற டிரைவர் ஒருத்தன் தினமும் கேட்பான்.

"ஏன் மாப்ள, உம்பொண்டாட்டி ஊரைப் படிக்கறாளாமே. ஊரு எங்கியாச்சும் ஓடியா போயிருச்சு?"

"நீ வேணும்னா அவகிட்ட வழி கேட்டுக்க. நேத்து டூரிஸ்ட்டைக் கோயிலுக்குன்னு ஏத்திக்கிட்டுப் போயி லேடீஸ் சீட்டு வியூ பாயிண்டுல எறக்கி உட்டவன் நீதான்" என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் கேட்கவில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி ஜீப்பில் ஏறினதும் பேச ஆரம்பிப்பாள். இந்த லாட்ஜ் இருக்கிற இடம் முன்பு என்னவாக இருந்தது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, இப்போது எங்கே போய் நிற்கிறது என்று. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். நான் தினமும் போகிற ரோடுதான். அவள் சொன்ன பிறகு அந்த இடம் வந்தால் ஒரு பார்வை பார்ப்பேன்.

இரண்டாவது வருசம் ஒரு ஆய்வு எழுத வேண்டும் என்றாள். அதை எழுதிக் கொடுத்து, வெளியிலிருந்து வருகிற பரீட்சை சார் முன்னால் நின்று பதில் சொன்னால்தான் பட்டம். அவள் எடுத்த விசயம் தண்ணீர். ஏற்காட்டில் லாட்ஜுகள் பெருகுகின்றன. லாரியில் தண்ணீர் போகிறது. சுற்றியுள்ள மலை ஊர்களில் தண்ணீர் எப்படி இருக்கிறது, தொட்டி கட்டுவதானால் எங்கே கட்ட வேண்டும். இதுதான்.

எங்கள் ஊரில் தொட்டி இருக்கிறது. குழாயும் இருக்கிறது. கோடை வந்தால் குழாயில் காற்றுதான் வரும். எல்லோரும் ஊற்றுக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நான் ஜீப்பில் கேன் போட்டு எடுத்து வந்துவிடுவேன்.

கேள்வித்தாள் அடித்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளை வீடு வீடாகக் கூட்டிப் போனேன். எங்கள் ஊர், மேலே இருக்கிற ஊர், அதற்கும் அந்தப் பக்கம். ஒரு வீட்டிலும் வாசலில் நிற்க விடவில்லை. உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார்கள். கொய்யா இருந்தால் கொய்யா. அப்புறம்தான் கேள்வி. அவள் மரியாதையாகப் படிப்பாள். தண்ணீர்ப் பற்றாக்குறை உண்டா. எத்தனை தூரம் போகிறீர்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்லை கண்ணு. நீ காப்பியக் குடி, ஆறுது."

அவள் எழுதிக்கொள்வாள். எங்கள் வீட்டுத் தாளுக்கு அப்பா பதில் சொன்னார். நம்ம ஊட்டுல என்ன கொறை என்றார். அதையும் எழுதினாள்.

தாள்களை எல்லாம் கட்டிக்கொண்டு போனாள். வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினவள் பேசவில்லை. ஒண்டிக்கடை தாண்டி, ஊருக்குத் திரும்புகிற வளைவு வந்தது. அங்கே வந்துதான் சொன்னாள்.

"மேடம் தாளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

காலேஜில் அவளுக்கு வழிகாட்டுகிற மேடம் எல்லாத் தாளையும் பார்த்திருக்கிறார். எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் குறையே இல்லை என்றால் உன் திட்டம் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். தாள் தப்பாக இருக்க வேண்டும், இல்லை என்றால் நீ எடுத்த விசயம் தப்பாக இருக்க வேண்டும். கோடை முடிவதற்குள் சரி செய்து கொடு. முடியவில்லை என்றால் அடுத்த வருசம் வேறு விசயத்தை எடுத்து எழுது.

அடுத்த வருசம் என்றால் மூன்றாவது வருசம். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. வீடு வந்துவிட்டது.

மறு ஞாயிறு திரும்பவும் போனோம். சில வீடுகளில் மட்டும். கேள்வியை மாற்றிக் கேட்டாள். கோடையில் எப்படி, குடத்தை யார் தூக்குவது என்று. பலன் இல்லை. போன தடவையே சொன்னோமே சாமி என்றார்கள். இரண்டாவது தடவை வந்திருக்கிறாள் என்று பலாச்சுளை வைத்தார்கள். மேல் வீதியில் எனக்கு அத்தை முறை ஒருத்தி உண்டு. வாய் கொஞ்சம் நீளம். அவளாவது சொல்லுவாள் என்று போனோம். அவள் தண்ணீருக்கும் குறை இல்லை, ரோட்டுக்கும் குறை இல்லை, கரண்டுக்கும் குறை இல்லை என்றாள். நாங்கள் கிளம்பும்போது அவள் வீட்டுப் பின்பக்கம் காலிக் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன.

"எல்லாருக்கும் தெரியுது. காயிதத்துல மட்டும் வரமாட்டேங்குதுங்க" என்றாள் என் மனைவி ஜீப்பில்.

நான் கியரைப் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மேடமே ஏற்காடு வந்தார். வகுப்புப் பிள்ளைகளை ஏரிப் பக்கம் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகளை இன்னொரு சாரிடம் விட்டுவிட்டு, என் ஜீப்பில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். நேரில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வழி முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மேடத்துக்குச் சேர் போட்டோம். என் மனைவி காப்பி கொண்டு வந்து கையில் கொடுத்தாள். மேடம் ஒரு வாய் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்.

"கோடை வந்தாச்சே. இங்க தண்ணிக்கு எப்படி, கஷ்டம் உண்டா?"

அப்பா வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்லீங்க மேடம். நீங்க குடிங்க."

மேடம் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை நீயே சொல்றியா?"

அவளுக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது போல இருந்தது. என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். மேடம் சிரிக்கவில்லை. அவளுக்கு நிறுத்த முடியவில்லை. சமையல்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"மேடம், தப்பு தாள்ல இல்லீங்க. காப்பியிலங்க."

மேடம் அவளையே பார்த்தார்.

"வந்தவங்க கையில தம்ளர் இருக்குதுங்க. அப்பப் போயி எங்க ஊட்டுல தண்ணியில்லைன்னு சொன்னா, அவங்களுக்கு அது தொண்டையில எறங்குமுங்களா? எங்கம்மாவும் சொல்லமாட்டாங்க. நானும் சொல்லமாட்டேன். இப்பப் பாத்தீங்கல்ல."

"அது சொல்லப்படாதுங்க" என்றார் அப்பா. அவர் பேசினது அவ்வளவுதான்.

மேடம் வாசலைப் பார்த்தார். "அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?" என்றார்.

"கேக்காமத் தெரிஞ்சுக்கோணுமுங்க."

நாளைத் தள்ளிக் கொடுக்க முடியாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். தம்ளரை எடுத்து மிச்சக் காப்பியைக் குடித்தார். இப்போது அவருக்கும் அது சிரமமாகத்தான் இருந்திருக்கும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் அவள் காலேஜ் போகவில்லை. பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக் கழுவினாள். கழுத்தில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டினாள். ஊற்றுக்குப் போகிறேன் என்றாள். நான் கேனில் கொண்டு வருகிறேனே என்றேன். அதுதாங்க தப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் ஊற்றில் ஒரு வழக்கம். கோடையில் தண்ணீர் சுரக்க நேரமாகும். யாரும் நின்றுகொண்டிருக்க முடியாது. எஸ்டேட்டில் வேலை இருக்கிறது. அதனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். குடம்தான் ஆள். எந்தக் குடம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். துணி கட்டியிருக்கும், பெயிண்ட் பூசியிருக்கும், வாய் உடைந்திருக்கும். மொண்டு முடித்தவர்கள் அடுத்த குடத்தை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் மாற்றி வைக்க மாட்டார்கள்.

அவள் தன் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்தாள். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. தாளோடு போனால் அவள் விருந்தாளி. குடத்தோடு போனால் வரிசையில் ஒருத்தி. காப்பி கொடுக்க அங்கே யாரும் இல்லை. பெண்கள் வந்தார்கள், போனார்கள், பேசினார்கள். ரோட்டுக்கும் கரண்டுக்கும் குறையில்லை என்ற அந்த அத்தை வந்து, தொட்டி கட்டினவனை ஆரம்பத்திலிருந்து திட்டினாள். எல்லாவற்றையும் என் மனைவி வந்து எனக்குச் சொன்னாள். அத்தை பேச்சில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

"இந்தத் தண்ணிக்கு நின்ன நேரத்துல நான் இன்னொரு புள்ளையப் பெத்து, அதைப் பள்ளிக்கோடமும் அனுப்பியிருப்பேன்."

அப்போதுதான் என் மனைவி கேட்டிருக்கிறாள், உங்கள் பேச்சை எழுதமாட்டேன், குடங்களை மட்டும் படத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று. பெண்கள் யோசித்தார்கள். அத்தைதான் முடிவு சொன்னாள்.

"கொடத்தைத்தான போடற, போட்டுக்க. கொடத்துக்கு என்ன மானம் மருவாதி."

அந்தக் கோடை முழுக்க அவள் ஊற்றடியில் இருந்தாள். எந்தக் குடம் எப்போது வந்தது, எத்தனை நேரம் காத்திருந்தது, எந்த வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஊர் ஊற்றுகளுக்கு நான் கூட்டிப் போனேன். அங்கேயும் குடத்தோடுதான் வந்தாள். முன்சீட்டில் மடியில் குடம். ஸ்டாண்டு வழியாகப் போகும்போது அந்த டிரைவர் கை காட்டி நிறுத்தினான்.

"என்ன தங்கச்சி, படிப்பு முடிஞ்சு தண்ணி யாவாரமா?"

"ஆமாங்ண்ணா. உங்க ஊட்டுக்கு ரெண்டு கொடம் போடட்டுங்களா?" என்றாள்.

அவன் வீட்டுக்காரியும் ஊற்றுக்குப் போகிறவள்தான். அவன் கையை எடுத்துவிட்டான். கொஞ்ச தூரம் போன பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு மேப் போட்டாள். நடுவீட்டில் பெரிய தாளை விரித்தாள். பகலில் வேலை இல்லாத நேரம் நான் மூலையில் கல் வைத்துக் கொடுப்பேன். அப்பா சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவார், மிதிக்காமல். வீடுகளுக்குக் கறுப்புப் புள்ளி. ஊற்றுக்கு நீலம், அதன் பக்கத்தில் வந்த வரிசைப்படி குடங்கள். வீட்டிலிருந்து ஊற்றுக்கு நடந்து போகிற வழிக்கு ஒரு கறுப்புக் கோடு. குடம் எத்தனை அதிக நேரம் காத்திருந்ததோ அத்தனை கனமான கோடு. லாட்ஜுகளுக்குப் போகிற லாரிகளுக்குச் சிவப்பு. கறுப்புக் கோடுகள் கூடக் கூட, அவை ஊருக்கு மேற்கே பள்ளிக்கூடச் சரிவில் வந்து ஒன்றை ஒன்று வெட்டின. தொட்டி இருப்பது கிழக்கே. இங்கேதான் இருக்க வேண்டும் என்று அந்தச் சரிவில் ஒரு வட்டம் போட்டாள்.

முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தோம். எனக்கு அந்த மலையில் தெரியாத ரோடு இல்லை. ஆனால் மேலேயிருந்து பார்த்ததில்லை. எங்கள் ஊர் முழுக்க அங்கே இருந்தது.

"நல்லாருக்குது" என்றேன்.

"போதுமுங்க" என்றாள்.

மேடம் மேப்பைப் பார்த்தார். கேள்வித்தாள்களையும் எடுத்துவிடாமல் உள்ளே வை என்றாராம். இவளும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

பரீட்சை அன்று மேப்பைச் சுருட்டினால் பஸ்ஸில் ஏற்ற முடியாத நீளம். வாடகைக்குப் போகாமல் ஜீப்பையே எடுத்தேன். மேப்பைத் தார்ப்பாயில் சுற்றி மேலே கட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இறங்கினேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா காலையில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதை இரண்டு வருசத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

நான் வெளியே நிற்பதாகத்தான் பேச்சு. ஆனால் மேப்பை மாட்டுவதற்கு அவர்கள் வைத்திருந்த ஸ்டாண்டு பத்தவில்லை. அட்டெண்டர் ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனைக்கு ஆள் இல்லை. மேடம் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிடித்தேன். காலேஜுக்குள் நான் நின்றது அன்றைக்குத்தான்.

வெளியிலிருந்து வந்த சார் ஒல்லியாக இருந்தார். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அவள் சொல்வதை எல்லாம் கேட்டார். அப்புறம் கேள்வித்தாள்களைப் புரட்டினார்.

"இதுல எல்லா வீட்லயும் குறை இல்லைங்கறாங்க. உங்க மேப்ல எல்லா வீட்லயும் குறை இருக்கு. நான் எதை நம்பறது?"

எனக்குக் கை வலித்தது. மேப் தொய்யாமல் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டையும் நம்பலாமுங்க சார். தாள்ல இருக்கறது வந்தவங்களுக்கு அவங்க செய்யற மரியாதை. மேப்புல இருக்கறது அவங்க கொடம் காத்திருந்த நேரம். இனிமே எங்க மலையில தண்ணியப் பத்தி ஆய்வு செய்ய வர்றவங்க, தாளை மட்டும் பாத்துட்டுப் போயிரக்கூடாது. அதுக்குத்தான் தாளையும் உள்ள வச்சிருக்கறேன்."

சார் எழுந்து மேப் அருகில் வந்தார். என் பக்கம். பச்சை நிறத்தில் இருந்த ஒரே கோட்டின் மேல் விரலை வைத்தார். இது என்ன என்றார்.

"எங்க ஊடுங்க. நான் வரிசையில உக்கார வச்ச கொடம். எங்க ஊட்டுக்காரரு ஜீப்புல தண்ணி கொண்டாந்துருவாருங்க. அதனால எங்களுக்கு இது தேவைக்கு வச்ச கொடம் இல்லை. கணக்குல சேக்கலை. நெறத்தை மாத்திப் போட்டுட்டேன்."

சார் தலையை ஆட்டினார். அந்த ஊட்டுக்காரன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அவர் தலை என் தோளுக்கு அருகில் இருந்தது. கோடுகள் வெட்டுகிற இடத்தை நிறைய நேரம் பார்த்தார். தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து, பைப் எந்தப் பக்கம், சரிவு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில், நீங்க சொல்றது சரியில்லை சார் என்றாள். அந்தப் பக்கம் பாறை, தோண்ட முடியாது என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

எங்களை வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் நின்றோம். திரும்பக் கூப்பிட்டபோது அவளை மட்டும் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே கை தட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேடம் வெளியே வந்து என்னிடம் முதல் தடவையாக நின்று பேசினார். "முதல் வகுப்பு. மேப்பை இங்க டிபார்ட்மெண்ட் சுவர்ல மாட்டப் போறோம்" என்றார். அதற்குள் அவள் வந்துவிட்டாள். முதலில் ஊரில் காட்டிவிட்டு அப்புறம் கொண்டு வந்து கொடுக்கிறேன் என்றாள். மேடம் சரி என்றார்.

மலை ஏறும்போது அவள் தூங்கிவிட்டாள். நான் ஹாரன் அடிக்காமல் ஓட்டினேன். அந்த ரோட்டில் அது சுலபம் இல்லை.

ஊருக்குள் வந்து ஜீப்பின் பக்கவாட்டில் மேப்பைக் கட்டினோம். கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். வேலை விட்டு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். பெண்கள் முதலில் தங்கள் வீட்டைத் தேடினார்கள், அப்புறம் குடத்தை. பஞ்சாயத்தில் இருக்கிற ஒருவர் அந்த வட்டத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். இதைக் கொடுத்தால் மனுவோடு வைக்கலாம் என்றார். மேல் வீதி அத்தை விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏங் கண்ணு, என்ர கொடத்தை ஏன் கடேசியில போட்டே? ஊரே பாக்குது."

அவள் பதில் சொல்வதற்குள் அப்பா பின்னாலிருந்து சொன்னார்.

"நீ எந்திரிச்சு வந்ததே கடேசியிலதான். புள்ளை சரியாத்தான் போட்டிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அப்பா சிரிக்காமல் மேப் பக்கத்தில் வந்தார். கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். அவர் கிணறு வெட்டப் போய்த் தண்ணீர் வராமல் விட்ட இடம்கூட அதில் இருந்தது. அதன் மேல் கையை வைத்தார். கல்யாணப் பேச்சுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள்.

"இதுக்கு மேல படிப்பு இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க மாமா. அது நாலஞ்சு வருசம் ஆவுமுங்க."

அப்பா மேப்பிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பச் சேரோணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆடிக்கு முன்னால் விண்ணப்பம் எழுதிப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். எனக்கு அது தெரிந்திருந்தது அவளுக்கு ஆச்சரியம். அப்பா சரி என்றார்.

இருட்டுவதற்குள் மேப்பை அவிழ்த்துச் சுருட்டலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். மேல் ஊரிலிருந்து இன்னும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். விட்டுவிட்டேன்.